செயன்முறைத் தேர்வுக்கு முன்னர் வயலின் வாசிக்கும் மகளுக்குச் சபைப் பழக்கம் ஏற்படுத்துவது எப்படி?

தலவாக்கலைத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயர்தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதத்தையும் ஒரு பாடமாக எடுத்து எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். தரம் ஏழிலிருந்து வயலின் கற்று வருகிறாள். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் நான்காம் தரம் வரை சித்தியடைந்திருக்கிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட நுண்கலை வளாகத்திலோ, மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ இசையைப் பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, தேர்வாளர்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும் என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

எங்கள் கவலை அந்தப் பரீட்சையைப் பற்றியதுதான். வீட்டில் தனியாக இருக்கும்போது குறை சொல்ல இடமில்லாதபடி வாசிக்கிறவள், அறிமுகமில்லாத நான்கு பேர் எதிரே உட்கார்ந்துவிட்டால் தடுமாறுகிறாள். பாடசாலைக் காலத்தில் வலய மட்டப் போட்டியொன்றில் வாசித்தாள். கல்யாணி இராக ஆலாபனையைத் (தாளமின்றி இராகத்தை விரித்து வாசிப்பதை) தொடங்கிய முதல் நீண்ட சுரத்திலேயே வில் நடுங்கித் தந்தியின் மேல் துள்ளத் தொடங்கிவிட்டது. கீர்த்தனைக்கு வந்த பிறகுதான் கை அடங்கியது. அன்றிலிருந்து யாராவது வாசிக்கச் சொன்னால் ஏதாவது காரணம் சொல்லி விலகிவிடுகிறாள்.

சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய் ஓர் ஆசிரியரிடம் பயில்கிறாள். நாலைந்து மேடை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்கிறார். ஆனால் மேடைக்கு நாங்கள் எங்கே போவது? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கோவில் திருவிழாக் கச்சேரிகளும் சங்கீத சபைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கள் தோட்டத்தில் இருப்பவை ஒரு மாரியம்மன் கோவிலும் ஒரு வாசகசாலையும் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையமும்தான். மிருதங்கம் வாசிப்பவர் எவரும் அருகில் இல்லாததால் கைபேசியில் தம்புராவைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை காலமும் சாதகம் (பயிற்சி) செய்திருக்கிறாள். மண்டபம் எடுத்து அரங்கேற்றம் வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை.

பெறுபேறு வருவதற்கும், அதன் பின்னர் தேர்வுக்கு அழைப்பு வருவதற்கும் இடையிலுள்ள இந்தச் சில மாதங்களில் பெற்றோராகிய நாங்கள் என்ன செய்யலாம்? கூச்சமுள்ள பிள்ளையை வற்புறுத்தி வாசிக்க வைப்பது நன்மையா, தீமையா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதுளைச் சங்கீத ஆசிரியை எழுதியது:

வணக்கம், அக்கா. ஊவாவில் ஒரு பாடசாலையில் நீண்ட காலமாகச் சங்கீதம் கற்பித்து வருகிறேன். வீட்டில் நன்றாக வாசித்து வெளியே நடுங்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறார்கள். மேடை ஏறினால் சரியாகிவிடும் என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை பெரிய மேடையில் ஏறி நடுங்கிவிட்டு இறங்குகிற பிள்ளைக்கு அடுத்த மேடை இன்னும் பெரிதாகத் தெரியும். அடிக்கடி, சிறிது நேரம், பிழைத்துப்போனாலும் எதுவும் கெட்டுவிடாத இடங்களில் வாசிக்கிற பிள்ளைக்குத்தான் கை பழகும். ஆகையால் மண்டபத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கேட்பதற்கு ஆட்களைச் சேர்ப்பதுதான் இப்போதைய வேலை. அதற்குத் தோட்டத்தில் குறைவே இல்லை.

முதலில் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், தொடங்குங்கள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வீடு திரும்பி, தேநீர் குடித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வர்ணமோ ஒரு கீர்த்தனையோ மட்டும் வாசிக்கட்டும். பத்து நிமிடம் போதும். அவர்கள் பழகிப்போன பிறகு, அவள் படித்த பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறை, ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை, வாசகசாலைக்கு வரும் முதியவர்கள் என்று ஒவ்வொரு படியாக அறிமுகம் குறைந்த மனிதர்களிடம் போகட்டும். ஒரே ஆட்களுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வாசித்தால் கொஞ்ச நாளில் அதுவும் வீட்டுச் சாதகமாகவே ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் இடமோ ஆட்களோ சற்று மாற வேண்டும்.

அடுத்தது உங்கள் மாரியம்மன் கோவில். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து தேவாரம் பாடும் நேரத்தில் பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசிக்கக் கோவில் தலைவரிடமும் ஐயரிடமும் அனுமதி கேளுங்கள். என் அனுபவத்தில் எவரும் மறுத்ததில்லை. இதனால் வரும் பயன் சபைக்கூச்சம் போவதோடு நின்றுவிடாது. தேவாரம் பாடுகிறவர் சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டு தொடங்குவதில்லை. அன்றைக்குத் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே எடுத்துவிடுவார். அவர் பிடித்த ஆதார ஷட்ஜம் (பாட்டுக்கு அடிப்படையான 'ச' சுரம்) எது என்பதை முதல் அடியிலேயே காதால் கண்டுபிடித்து, தந்தியில் அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோய், அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், கௌசிகத்துக்குப் பைரவி, புறநீர்மைக்குப் பூபாளம் என்று பண்களுக்கு வழங்கும் இராகங்களும் படிப்படியாகக் கைக்கு வந்துவிடும். பக்கவாத்தியம் வாசிக்கத் தெரியாத வயலின் பாதி வயலின் என்றே நான் கருதுகிறேன். அந்தப் பாதியைத் தம்புராச் செயலி சொல்லித்தராது.

மார்கழி உங்கள் கால அட்டவணைக்குள் வருமானால் திருவெம்பாவை நாட்களைத் தவற விடாதீர்கள். திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் விடியற்காலையில் பாட்டு இருக்கும். அந்தக் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும்போது வாசித்துப் பழகியவளுக்குப் பயத்தினால் விரல் குளிர்வது புதிதாக இருக்காது. (புறப்படுவதற்கு முன் வெந்நீரில் கைகளைச் சற்று நேரம் வைத்துத் துடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.)

வில் நடுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, விரல் நுனிகளுக்கு வரும் இரத்தம் குறைகிறது. பிள்ளை அதை அடக்குவதாக எண்ணி வில்லை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கமான பிடியில் சிறு நடுக்கமும் வில் நுனிவரை பெரிதாகப் போய்ச் சேரும். அதிலும் மெதுவாக இழுக்கும் நீண்ட சுரத்தில், வில்லின் நடுப்பகுதி தந்திக்கு வரும்போதுதான் அது துள்ளும். கீர்த்தனையில் வில் விரைவாக நகர்வதால்தான் உங்கள் மகளுக்கு அங்கே கை அடங்கியது. ஆகவே முதல் சுரத்தைக் கைப்பிடிக்குக் கிட்டிய பகுதியிலிருந்து, வழக்கத்தைவிடச் சற்று விரைவாகவும் நீளமாகவும் இழுத்துத் தொடங்கப் பழக்குங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வில்லை இழுக்க வேண்டும். பெருவிரலும் சுண்டுவிரலும் வளைந்து தளர்ந்திருக்க வேண்டும். தேர்வில் எதை முதலில் வாசிப்பது என்பதை அவளே தெரிவு செய்ய இடமிருந்தால் ஆலாபனையை முதலில் எடுக்காமல் வர்ணத்தை எடுக்கட்டும். இரண்டு காலமும் (இரண்டு வேகத்திலும்) வாசித்து முடிவதற்குள் கை தன் நிலைக்கு வந்துவிடும்.

இதை வீட்டில் பழக ஒரு வழி இருக்கிறது. லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் படிகளில் ஒரு தடவை வேகமாக ஏறி இறங்கிவிட்டு, இளைப்பு ஆறும் முன்னரே உட்கார்ந்து கல்யாணி ஆலாபனையைத் தொடங்கச் சொல்லுங்கள். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதும் நல்ல நாதம் எடுக்க முடியும் என்பதை அவள் கை அறிந்துகொள்ளும். என் மாணவர்களில் பலருக்கு இது உதவியிருக்கிறது.

ஹட்டன் பழைய மாணவன் எழுதியது:

ஆசிரியை சொன்னவற்றோடு, இத்தகைய தேர்வொன்றுக்கு வாய்ப்பாட்டில் தோற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். அங்கே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது பாடிய நேரமன்று, அதற்கு முன்னர் வெளியே காத்திருந்த நேரம். உள்ளே பாடுகிறவர்களின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் தோடியை விரித்துப் பாடியபோது என் இராகம் எனக்கே மறந்துவிடும் போலிருந்தது. பிறகு உள்ளே போனதும் பல்லவி முடிந்த கையோடு நிறுத்தச் சொல்லி வேறொன்றைக் கேட்டார்கள். நிறுத்தியது பிடிக்காமல் அன்று, பலரைக் கேட்க வேண்டியிருந்ததால்தான். நான் தெரிவாகியும் விட்டேன். ஆனால் நடுவில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று முன்கூட்டியே பழகியிராத பிள்ளை அந்த இடத்திலேயே மனம் உடைந்துவிடும்.

ஆகவே, உங்கள் மகள் வாசிக்கும்போது நீங்கள் சில நாட்களில் இடையில் கையைக் காட்டி நிறுத்தி, சரணத்திலிருந்து எடுக்கும்படியோ வேறு உருப்படி வாசிக்கும்படியோ சொல்லுங்கள். வாசிப்பதற்கு முன் அரை மணி நேரம் வயலினைத் தொடாமல், வேறொருவருடைய வாசிப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவும் பழக்குங்கள். தேர்வுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து இரவு நன்றாகத் தூங்குவது அவசியம். இரவு பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கிய கையோடு வாசிக்க உட்காருவது நல்லதன்று.

மாத்தளை மிருதங்கம் எழுதியது:

கோவிலில் வாசிப்பதை நான் மறுக்கவில்லை. நானும் முத்துமாரியம்மன் சந்நிதியில் வாசித்து வளர்ந்தவன்தான். ஆனால் தேர்வு அறைக்கும் கோவிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோவிலில் மணி அடிக்கும், குழந்தை அழும், ஒலிபெருக்கி இரையும். பிழை விட்டால் அதில் கரைந்துவிடும். கேட்பவர்கள் அன்போடு தலையாட்டுவார்கள். தேர்வு அறையில் இருப்பது அமைதி. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, முகத்தில் எதுவும் காட்டாமல், தாளில் எழுதிக்கொண்டிருப்பார்கள். சுரம் ஓய்கிற இடத்தில் பேனா தாளில் உரசும் ஒலி கேட்கும். கூட்டத்துக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட அந்த அமைதிக்குப் பயப்படுவதை நான் கண்டிருக்கிறேன். கோவிலில் மட்டும் பழகினால் இந்த ஒன்று விடுபட்டுப்போகும் என்பதே என் கருத்து.

இதற்கென்று தனியாக ஒரு பழக்கம் தேவை. பாடசாலை விட்ட பிறகு ஒரு வகுப்பறையைத் தரும்படி அதிபரிடம் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தபாற்கந்தோரில் வேலை செய்கிறவர் ஒருவர், சங்கீதம் தெரிந்தவர் ஒருவர் என்று மூன்று பேரை மேசைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். மூவரில் இருவருக்குச் சங்கீதம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, முடிந்ததும் கைதட்டக் கூடாது, அவள் வாசிக்கும்போது ஏதாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்களிடம் முன்னதாகவே சொல்லிவைத்துவிடுங்கள். அவள் வெளியே காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, பாயில் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, வாசித்து, எழுந்து போகும்வரை அனைத்தும் தேர்வைப் போலவே நடக்க வேண்டும். சுருதி சேர்ப்பதுகூட அங்கே கேட்கப்படுகிற ஒன்றுதான். பதறாமலும் நேரத்தை இழுக்காமலும் சேர்க்கத் தெரிந்த பிள்ளையைப் பார்த்ததும் தேர்வாளருக்கு ஒரு நம்பிக்கை வரும்.

அவளுக்குத் தெரிந்த இராகங்களின் பெயர்களைச் சிறு தாள்களில் எழுதி ஒரு டின்னில் போட்டு வையுங்கள். மேசையில் இருப்பவர் ஒன்றை எடுத்துப் பெயரை வாசிக்கட்டும். அவள் உடனே அந்த இராகத்தைச் சுருக்கமாக வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து முடிந்ததும் சங்கீதம் தெரிந்தவர் வாய்மொழிக் கேள்விகளைக் கேட்கலாம். மோகனம் எந்த மேளத்தின் (தாய் இராகத்தின்) ஜன்னியம் (அதிலிருந்து பிறந்த இராகம்), சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் எந்தச் சுரம் வேறுபடுகிறது, பைரவியில் ஏறும்போது என்ன தைவதம், இறங்கும்போது என்ன தைவதம் என்பன போன்றவற்றை எல்லாப் பிள்ளைகளும் எழுத்துப் பரீட்சையில் சரியாக எழுதிவிடுகிறார்கள். நேரில் கேட்டால் இருபத்தெட்டாவது மேளமான ஹரிகாம்போஜி என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சத்தமாகச் சொல்லிப் பழகினாலன்றி அது வராது.

இனி என் வாத்தியத்தைப் பற்றி. மிருதங்கம் இல்லாமலே இத்தனை காலமும் சாதகம் செய்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். கைபேசியில் தாளம் போட்டுக்கொண்டாலும் அது ஒரே சீராகத்தான் ஓடும். மிருதங்கக்காரர் அப்படி வாசிக்க மாட்டார். உருப்படியின் நடையைத் தாங்கிப்பிடிப்பார், இடையில் நிரப்புவார், தீர்மானம் (மும்முறை வந்து முடியும் முத்தாய்ப்பு) வைப்பார். அதைக் கேட்டுப் பழகாத பிள்ளை அரை இடத்து எடுப்பிலோ ஒன்றரை இடத்து எடுப்பிலோ உள்ள (தாளம் தொடங்கிச் சற்றுப் பின்னர் பாட்டு தொடங்கும்) கீர்த்தனையில் தீர்மானம் முடிந்ததும் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) எடுத்துவிடுவாள். கற்பனை சுரம் வாசிக்கும்போது இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகமாகும். அருகில் மிருதங்கம் இல்லை என்றாலும், கோவில் திருவிழாவுக்குத் தவில் வாசிக்க வருகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தாளக் கட்டுப்பாட்டில் குறைவே இருக்காது. கைத்தாளத்தோடு சொற்கட்டை (தாள வாத்தியச் சொற்களை) சொல்லிக்கொண்டே உடன் உட்கார்ந்தால்கூட உங்கள் மகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஹட்டன் ஆசிரியரிடம் மிருதங்கம் பயிலும் மாணவர் எவராவது உண்டா என்றும் விசாரியுங்கள். அந்த மாணவருக்கும் உடன் வாசிக்க ஒருவர் கிடைக்காமல்தான் இருக்கும்.

தலவாக்கலைத் தாய் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். படிகளில் ஏறி இறங்கிவிட்டு வாசிக்கும் பயிற்சியை மறுநாளே தொடங்கிவிட்டாள். வில்லைக் கைப்பிடிப் பக்கத்திலிருந்து தொடங்குவதால் ஒலி உறுதியாக இருக்கிறது என்று அவளே சொல்கிறாள். இராகப் பெயர் எழுதிய தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் தம்பிதான் எடுத்துக் கொடுக்கிறான்.

வெள்ளிக்கிழமைத் தேவாரத்துக்கு உடன் வாசிக்க மனம் வந்திருக்கிறது. ஆனால் கோவில் தலைவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, வருகிற திருவிழாவில் ஒலிபெருக்கி வைத்து ஒரு மணி நேரம் தனியாக வாசிக்க வேண்டும் என்று அன்போடு கேட்கிறார். அதற்கு மட்டும் அவள் மாட்டேன் என்கிறாள். அவளுடைய தந்தையார் இப்படி ஒரு வாய்ப்பைத் தட்டக் கூடாது என்கிறார். வற்புறுத்தலாமா என்று நான் முதலில் கேட்ட கேள்வி இப்போது உண்மையாகவே எழுந்து நிற்கிறது.

கண்டி வயலின் எழுதியது:

அவள் விருப்பத்துக்கு மாறாக அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அக்கா. அவளுடைய தந்தையாரின் எண்ணம் நல்லதுதான், ஆனால் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரக் கச்சேரி இப்போது தேவையில்லை. அவ்வளவு நேரத்தை நிரப்பக் கைக்கு முழுதாக வராத உருப்படிகளையும் சேர்க்க வேண்டிவரும். தேர்வில் வாசிக்கப்போகும் நாலைந்து உருப்படிகளைப் பல இடங்களில் வாசிப்பதே இந்த மாதங்களின் வேலை. திருவிழாவில் சாமி ஊர்வலம் புறப்படுவதற்கு முன் ஒரு வர்ணமும் ஒரு கீர்த்தனையும் வாசிக்கிறேன் என்று அவளே தலைவரிடம் போய்ச் சொல்லட்டும். என்ன வாசிப்பது, எவ்வளவு நேரம், எந்த நாள் என்பதை அவள் தீர்மானித்தால் அதற்குப் பெயர் வற்புறுத்தல் ஆகாது. வாசிக்கிறதா வேண்டாமா என்பதில் நீங்கள் உறுதியாக இருக்கலாம்; எப்படி என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனத்தில் வைத்திருங்கள். எங்கே வாசித்தாலும் உடனே படம் பிடித்து முகநூலில் போடுகிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தேர்வு முடியும்வரை அதை அனுமதிக்காதீர்கள். பழகுவதற்காக வாசிக்கிற வாசிப்பில் பிழை வரத்தான் செய்யும். அதை ஊரே பார்க்கும் என்று தெரிந்தால் அவள் மீண்டும் ஒதுங்கிவிடுவாள். உங்களுக்காக மட்டும் ஒலிப்பதிவு செய்து, அன்றைக்குப் போட்டுக் கேட்காமல் மறுநாள் கேளுங்கள். வாசித்த சூட்டில் கேட்டால் பிழைகள் மட்டுமே காதில் விழும். மறுநாள் கேட்கும்போது காலப்பிரமாணம் (வாசிப்பின் வேகம்) எங்கே ஓடியது என்பதுகூடத் தெளிவாகத் தெரியும். பதற்றத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் எடுப்பதைவிட வேகமாக எடுத்துவிடுவார்கள். தொடங்குவதற்கு முன் சரணத்தில் ஓர் அடியை மனத்துக்குள் பாடிப் பார்த்துவிட்டுப் பல்லவியை எடுத்தால் இந்தக் குறை பெருமளவுக்கு நீங்கும்.

உடையையும் மறக்க வேண்டாம். சேலையுடுத்திச் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றும்போது பட்டுக்கரை வழுக்கும். கால் இடம் மாறினால் வாத்தியமும் இடம் மாறும். வில் பிடிக்கிற கையிலுள்ள வளையல் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒலிக்கும். ஓடு பதித்த தரையில் பாயே நகர்ந்துவிடுவதும் உண்டு. தேர்வன்று உடுத்தப்போகும் அதே சேலையில், வளையலைக் கழற்றிவிட்டு, மாத்தளை அண்ணன் சொன்ன வகுப்பறைப் பழக்கங்களில் ஒன்றிரண்டையாவது செய்யட்டும்.

பதுளைச் சங்கீத ஆசிரியை எழுதியது:

கண்டியிலிருந்து எழுதியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அமைதியைப் பற்றி மாத்தளை ஐயா எழுதியதையும் ஏற்கிறேன். இனிமேல் என் மாணவர்களுக்கும் அந்த மேசைப் பழக்கத்தைச் சேர்க்கப் போகிறேன். நவராத்திரிக் காலத்தில் வாணி விழா நடத்தும் பாடசாலைகளும் அலுவலகங்களும் உங்கள் பக்கத்தில் பல இருக்கும். அழைப்பு வருவதற்குக் காத்திராமல் ஒரு மாதத்துக்கு முன்னரே கேட்டுவையுங்கள். பத்து நிமிட வாசிப்புக்கு அவர்கள் மகிழ்ச்சியோடு இடம் தருவார்கள்.

வாத்தியத்தைப் பற்றி ஒரு செய்தி மட்டும் மீதமிருக்கிறது. மழைக்காலத்தில் நம் மலைகளில் பிருடைகள் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) ஈரத்தில் ஊதி இறுகிவிடும், வெயிலில் சுருங்கி வழுக்கும். தலவாக்கலைக் குளிரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வயலினைக் கொண்டுபோனால் வெப்பத்தில் தந்திகள் நீண்டு சுருதி இறங்கிவிடும். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து, மாலையிலும் மறுநாள் காலையிலும் சுருதி சேர்த்து, குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேர்வுக்குப் புறப்பட வேண்டும். பிருடை வழுக்கினால் தடவுவதற்கு ஒரு துண்டுச் சோக்கும், மாற்றுத் தந்தித் தொகுதி ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். புதுத் தந்தி போடுவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்னரே போட்டுவிடுங்கள். புதிது நிலைத்து நிற்க நாளாகும்.